தவளை வளர்ப்பு வீட்டுத் தொழிலாகுமா?

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரங்களிலுள்ள அங்கத்தினர் சிலர் அண்மைக் காலமாக ஒரு கேள்வியை எழுப்பி வருகின்றனர். "நகரத்தில் வண்ணத் தவளைகளைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கிறார்களாமே, அவற்றை இனப்பெருக்கம் செய்து விற்றால் நல்ல விலை கிடைக்குமாமே, நம் வீட்டுப் புறக்கடையில் அத்தொழிலைத் தொடங்கலாமா?" என்பதே அக்கேள்வி. கேட்கும்போது சற்று வேடிக்கையாகத் தோன்றினும், இதனை நகைத்து ஒதுக்கிவிடுவது முறையன்று. மழை நாட்களில் குழித்தறியில் நீர் ஊறிவிடுகிறது; பாவு ஈரம் குடிக்கிறது; தறி நாட்கணக்கில் ஓடுவதில்லை. சம்பா அறுவடை முடிந்து ஏரியும் வற்றிவிட்டால் உழவர் வீட்டில் கையிருப்புக் கரைகிறது. இந்த இடைக்காலத்தில் வீட்டிலிருந்தபடியே பெண்களும் முதியோரும் செய்யத்தக்க உபதொழில் எதுவாயினும் அதனை ஆராய்ந்து பார்ப்பது நமது கடமையாகும்.

ஆராய வேண்டியவை நான்கு. அப்பிராணியின் இயல்பு நம் ஊருக்கு ஒத்துவருமா? அதன் உணவு நமக்கு எளிதில் கிடைக்குமா? சட்டம் இடம் தருமா? விளைந்ததை வாங்க நிலையான சந்தை உண்டா? எந்தப் புதிய தொழிலையும் இந்த நான்கு கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம். தவளையையும் அவ்வாறே பார்ப்போம்.

எவ்வகைத் தவளைகள்?

மேல்நாடுகளில் வீட்டுப் பிராணியாக விற்கப்படும் தவளைகள் பெரும்பாலும் நம் நாட்டைச் சேர்ந்தவை அல்ல. தென் அமெரிக்காவின் கொம்புத் தவளை, ஆஸ்திரேலியாவின் பச்சை மரத்தவளை, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் மழைக்காடுகளில் வாழும் சிறு நச்சுத் தவளைகள், முழுவதும் நீரிலேயே வாழும் ஆப்பிரிக்க நகத் தவளை ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. நச்சுத் தவளைகளின் நஞ்சு அவை காட்டில் உண்ணும் எறும்பு முதலிய சிற்றுயிர்களிலிருந்து பெறப்படுவது. ஆதலால் தொட்டியில் பிறந்து வேறு இரை உண்டு வளர்ந்தவற்றிடம் அந்த நஞ்சு இருப்பதில்லை.

நம் வயல்களில் காணும் பெருந்தவளை, குளங்களில் காணும் பச்சைத் தவளை, மழை விட்டதும் குதித்துத் திரியும் சிறு தவளைகள் ஆகியவற்றை இப்பட்டியலில் சேர்த்தல் கூடாது. அவற்றைப் பற்றிய சட்டம் வேறு. அதனைப் பின்னர் கூறுவோம்.

தவளையின் இயல்பு

தவளை நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணி என்பதை யாவரும் அறிவர். தொழில் நோக்கில் அறிய வேண்டியது, இவ்விரு வாழ்க்கைக்கும் இருவகை வளர்ப்பு முறை வேண்டும் என்பதாகும். முட்டையிலிருந்து வெளிவரும் தலைப்பிரட்டை செவுளால் மூச்சுவிட்டு மீனைப்போல் வாழ்கிறது. பின்னங்கால் முதலிலும் முன்னங்கால் பிறகும் தோன்ற, வால் சுருங்கி மறைய, அது நிலத்துக்கு ஏறுகிறது. இந்த மாற்றத்தின்போது நுரையீரலால் சுவாசிக்கத் தொடங்கிவிடுகிறபடியால், ஏறி அமர மேடு இல்லாத தொட்டியில் தவளைக் குஞ்சுகள் மூழ்கி இறந்துபோகும். ஒரே வீட்டில் நீர்த்தொட்டியும் நிலத்தொட்டியும் தனித்தனியே அமைய வேண்டும்.

அடுத்தது அதன் தோல். தவளை வாயால் நீர் பருகுவதில்லை. தோலின் வழியாகவே நீரை உறிஞ்சுகிறது. மூச்சின் ஒரு பகுதியும் தோலின் வழியே நிகழ்கிறது. எனவே நீரில் எது கலந்திருந்தாலும் அது நேரே உடலுக்குள் செல்லும். குழாய் நீரிலுள்ள குளோரின், நூல் வெளுக்கும் காரம், சாயக் கழிவு, வயலில் தெளித்த பூச்சி மருந்து ஆகியவற்றுள் எதுவாயினும் சிறிதளவே தவளையைக் கொன்றுவிடக்கூடும். நெசவாளர் வீட்டில் சாயத்துக்குப் பயன்பட்ட அண்டாவைக் கழுவித் தொட்டியாக்கலாம் என்று எண்ணுதல் பெருந்தவறு. தொழிற்பேட்டையை அடுத்த சிற்றூர்களிலும், கடலோர ஊர்களிலும் கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் எவ்வித நீர்வாழ் உயிரையும் வளர்க்கத் தொடங்கலாகாது. மீஞ்சூர், பொன்னேரி பகுதியின் கடலோர நிலத்தடி நீரில் உவர் ஏறியிருப்பது பல ஆண்டுகளாக அறியப்பட்ட செய்தியாகும்.

மூன்றாவது வெப்பம். கோடையில் நம் பக்கத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. கொம்புத் தவளைக்கு ஏற்றது ஏறக்குறைய 24 முதல் 28 டிகிரி வரை. மழைக்காட்டு நச்சுத் தவளைகள் 30 டிகிரிக்கு மேல் நீடித்த வெப்பத்தைத் தாங்குவதில்லை. தகரக் கூரையின் கீழோ ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்திலோ அவற்றை வைத்துச் சித்திரை, வைகாசியைக் கடத்த இயலாது. குளிர்சாதனம் வைத்த தனி அறை வேண்டும். மின்சாரம் சில மணி நேரம் நின்றுபோனால் ஓராண்டு உழைப்பு ஒரு பகலில் அழியும். இரும்புத் தறி நின்றால் மறுநாள் ஓட்டலாம். செத்த பிராணி மறுநாள் பிழைப்பதில்லை.

இரையின் கணக்கு

தவளை பெரும்பாலும் அசையும் இரையையே பிடித்து உண்ணும். தவிடோ, பிண்ணாக்கோ, தீவன உருண்டையோ அதன் கண்ணுக்கு உணவாகத் தோன்றுவதில்லை. பிரேசில் நாட்டில் இறைச்சிக்காகப் பெருந்தவளைப் பண்ணைகள் நடத்துவோர், உருண்டைத் தீவனத்தோடு உயிருள்ள ஈப்புழுக்களைக் கலந்து, புழு நெளிவதால் தீவனமும் அசையுமாறு செய்து பழக்குகின்றனர். இதிலிருந்தே இரைச் சிக்கலின் அளவை உணரலாம்.

வீட்டுப் பிராணியாக விற்கும் தவளைக்குச் சிள்வண்டு, மாவுப்புழு, மண்புழு, மிகச் சிறியவற்றுக்குப் பழ ஈ ஆகியவற்றை உயிரோடு கொடுக்க வேண்டும். எலும்பு மெலியாதிருக்கச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் அடங்கிய பொடியை அவ்விரைமேல் தூவ வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இளந்தவளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 சிள்வண்டு என்று வைத்துக்கொண்டால், 200 இளந்தவளைகளுக்கு நாளொன்றுக்கு 1,000, மாதமொன்றுக்கு 30,000. இவற்றை வயலில் பிடித்துவரலாம் என்பது நடவாத காரியம். மருந்து தெளித்த வயலின் பூச்சியால் தவளைகள் மொத்தமாக மாண்டுபோதலும் கூடும். ஆகவே சிள்வண்டு வளர்ப்பே ஒரு தனித் தொழிலாக முதலில் அமைய வேண்டும். தவளை வளர்க்கத் தொடங்குபவர் உண்மையில் பூச்சி வளர்க்கவே தொடங்குகிறார் என்பதை மறக்கலாகாது.

இனப்பெருக்கமும் எளிதன்று. கொம்புத் தவளைகளைச் சேர்க்க, சில வாரங்கள் வறட்சியில் வைத்திருந்து, பின்னர்ச் செயற்கை மழை பெய்யும் பெட்டியில் விடுகின்றனர். பல பண்ணைகளில் ஊசி மருந்தும் செலுத்துகின்றனர். அது ஒரே முறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். ஆனால் அதன் தலைப்பிரட்டைகள் ஒன்றையொன்று தின்னும் இயல்புடையவை. தனித்தனிக் கிண்ணங்களில் பிரித்து வைத்தாலன்றி எண்ணிக்கை நாளுக்கு நாள் குறையும். நச்சுத் தவளையோ ஒரு முறைக்குச் சில முட்டைகளையே இடும். ஒன்றில் எண்ணிக்கை மிகுதி, இழப்பும் மிகுதி. மற்றொன்றில் விலை மிகுதி, விளைவு குறைவு.

சட்டம் கூறுவது

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையிலுள்ளது. அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிபம் பற்றிய சைட்டீஸ் உடன்படிக்கையில் இந்தியா 1976இல் சேர்ந்தது. நம் வயல்களின் பெருந்தவளையும் குளத்துப் பச்சைத் தவளையும் 1985இல் அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வயலிலோ ஏரியிலோ பிடித்த தவளையை விற்பனைக்காக வளர்க்க வழியில்லை என்றே அங்கத்தினர் கொள்ள வேண்டும். மீறினால் சிறையும் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

வெளிநாட்டுத் தவளைகளின் நிலை வேறு. 2022இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இதன்படி சைட்டீஸ் பட்டியலிலுள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர், அவற்றைப் பதிவு செய்ய வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும். இதற்கான விதிகள் 2024இல் வெளியிடப்பட்டன. மத்திய சர்க்காரின் பரிவேஷ் என்னும் இணையவாயில் வழியே பதிவு நடைபெறுகிறது. நச்சுத் தவளைகள் இப்பட்டியலில் உள்ளவை. பட்டியலில் இல்லாத இனமாயினும், அது முறையான இறக்குமதி உரிமத்தோடும் கால்நடைத் தனிமைப்படுத்தல் சான்றோடும் நாட்டுக்குள் வந்ததா என்பதை வாங்குபவர் அறிந்துகொள்ள வேண்டும். சில்லறையாகக் கடை வைத்து விற்போருக்கு 2018ஆம் ஆண்டின் வளர்ப்புப் பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவும் தேவை.

சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளிலிருந்து பாம்பு, பல்லி, குரங்கு முதலிய அயல்நாட்டுப் பிராணிகளைச் சுங்கத் துறையினர் பன்முறை கைப்பற்றியிருக்கின்றனர். அவ்வாறு கள்ளத்தனமாக வந்த சரக்கின் வழித்தோன்றல்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கக்கூடும். மலிவென்று வாங்கிய ஏழை வளர்ப்பாளனே சோதனையின்போது வீட்டில் அகப்படுபவன். கொண்டுவந்து விற்றவன் அப்போது ஊரில் இருப்பதில்லை. ரசீதும் உரிம நகலும் தர மறுப்பவரிடம் ஒரு தலைப்பிரட்டையும் வாங்கலாகாது.

பழைய தவளை வாணிபம் கற்பித்த பாடம்

தவளையைப் பணமாக்கும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1950களிலிருந்து இந்தியத் தவளைக் கால்கள் உறைபதனம் செய்யப்பட்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. கேரளம், தமிழ்நாடு, மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களின் நெல்வயல்களில் மழைக்கால இரவுகளில் விளக்கேந்திச் சென்று, கத்தும் குரலைக் கொண்டே தவளைகளைப் பிடித்தனர். தவளை தன் வாயால் கெடும் என்னும் பழமொழி அந்நாட்களில் முற்றும் மெய்யாயிற்று. 1980களின் தொடக்கத்தில் ஏற்றுமதி ஓராண்டில் 4,000 டன்னுக்கு மேல் சென்றது. அது கால்களின் எடை மட்டுமே. அதற்காக ஆண்டுதோறும் கோடிக்கணக்கான தவளைகள் மடிந்தன.

அவை யாவும் பண்ணையில் வளர்ந்தவையல்ல. இயற்கை வளர்த்தவற்றை மனிதன் அள்ளியவையே. பிடித்தவனுக்குக் கிடைத்தது அன்றையக் கூலி. இழந்தவர் உழவர். நெற்பயிரைத் தாக்கும் தத்துப்பூச்சி, தண்டுத் துளைப்பானின் அந்து, இலைச்சுருட்டு முதலியவற்றைத் தவளைகள் இரவெல்லாம் தின்றுவந்தன. அவை குறைந்தால் அவ்வேலையைப் பூச்சி மருந்தே செய்ய வேண்டும். அம்மருந்துக்கு நாடு செலவிடும் பணத்தையும், தவளைக் காலால் வரும் அந்நியச் செலாவணியையும் ஒப்பிட்டுப் பலர் வாதிட்டனர். உயிரோடு காலைத் துண்டிக்கும் கொடுமைக்கு எதிராகவும் குரல் எழுந்தது. முடிவில் 1987இல் இந்திய சர்க்கார் தவளைக் கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. வாணிபம் நின்றுவிடவில்லை, இந்தோனேசியா முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்தது.

நமது அங்கத்தினருள் உழவரும் உண்டு, நெசவாளரும் உண்டு. ஒரு பகுதியினர் வரப்பிலிருந்து தவளைகளைப் பிடித்து விற்றால், மற்றொரு பகுதியினர் மருந்துக் கடையில் அதற்கு விலை கொடுக்க நேரும். ஒரே சங்கத்தின் இரு கைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளலாமா? வயல் தவளை நமக்குச் சம்பளம் கேளாத வேலையாள். அதனை அவ்விடத்திலேயே விட்டுவைப்பதே இலாபம்.

நோயும் தப்பியோடுதலும்

வேறொரு அபாயத்தையும் இங்கே சொல்லவேண்டும். தவளைகளின் தோலைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சை 1990களின் இறுதியில் அறிவியலாரால் கண்டறியப்பட்டது. உலகில் குறைந்தது 501 தவளை, தேரை முதலிய இனங்கள் குறைந்ததற்கும், அவற்றுள் 90 இனங்கள் அழிந்ததாகக் கருதப்படுவதற்கும் அந்நோய் காரணமாயிற்று என்று 2019இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. வாணிபத்துக்காகத் தவளைகளை நாடு விட்டு நாடு கொண்டுசென்றது இந்நோய் பரவ உதவியதாக அறிஞர் கருதுகின்றனர். ஆப்பிரிக்க நகத் தவளை தான் நோய்வாய்ப்படாமலே அப்பூஞ்சையைச் சுமந்து செல்ல வல்லது. மீன்தொட்டிக் கடையில் வாங்கிய நகத் தவளையின் தொட்டி நீரை வாய்க்காலில் கொட்டுவது, அயலூர் நோயை நம் ஏரிக்கு அழைத்து வருவதாக முடியலாம்.

தப்பியோடிய தவளை என்ன செய்யும் என்பதற்கு அந்தமான் தீவுகளே சான்று. பெருநிலத்தின் பெருந்தவளை அங்கே மனிதரால் கொண்டு சேர்க்கப்பட்டுப் பல்கிப் பெருகியுள்ளது. அதன் தலைப்பிரட்டைகள் உள்ளூர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்கின்றன; வளர்ந்த தவளை மீன், பல்லி, சிறு பிராணிகள் எதனையும் விடுவதில்லை. நமக்கு நண்பனான உயிர், இடம் மாறியதும் அத்தீவுக்குப் பகையாயிற்று.

"திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்னும் வாக்கு

இனிச் சந்தையைப் பார்ப்போம். வீட்டுத் தவளையை வாங்குவோர் பெருநகரங்களில் சிலரே. அவர்களும் ஒன்றோ இரண்டோ வாங்குவர். கொம்புத் தவளை பத்தாண்டுகள் வரை வாழ வல்லதாதலால், ஆண்டுதோறும் புதிதாக வாங்கமாட்டார். எனவே ஆயிரம் முட்டையிடும் பிராணியைப் பத்து வீடுகளில் வளர்த்தால் விளைவைக் கொள்ளச் சந்தை போதாது.

இத்தகைய நிலையில்தான், "குஞ்சுகளை நாங்கள் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள், வளர்ந்ததும் நாங்களே நல்ல விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று கூறுவோர் வருவது வழக்கம். ஈமு கோழியின் கதையை அங்கத்தினர் நினைவுகூர வேண்டும். ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பகுதியை மையமாகக் கொண்டு, முதலீடு செய்தவர்க்குக் குஞ்சும் தீவனமும் மாதப் பணமும் தருவதாக வாக்களித்த நிறுவனங்கள் 2012இல் அடுத்தடுத்து வீழ்ந்தன. ஆயிரக்கணக்கானோர் தம் சேமிப்பை இழந்தனர். பறவைகள் இரையின்றித் தவிக்க, சர்க்காரே தீவனம் அளிக்க நேர்ந்தது. முதலீட்டாளர் வைப்புத்தொகைப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்குகள் நடந்தன. ஈமுவின் இறைச்சிக்கோ எண்ணெய்க்கோ நிலையான சந்தை உண்டா என்று முன்னரே கேட்டவர் மிகச் சிலர். பின்வந்தவர் கட்டிய பணமே முன்வந்தவர்க்கு வருமானமாகத் தரப்பட்டால், அது தொழிலன்று. பிராணியின் பெயர் மாறினும் இவ்வுண்மை மாறாது.

நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது. வெயில் ஒவ்வாது, இரை அரிது, சட்டம் கடினம், சந்தை சிறிது. ஆகவே தவளை வளர்ப்பை நமது அங்கத்தினருக்குரிய வீட்டுத் தொழிலாக நாம் பரிந்துரைக்க இயலவில்லை.

நமக்கு ஏற்றது வண்ண மீன்

"கூடாது" என்று சொல்லி நிறுத்திக்கொள்வது கூட்டுறவாளர்க்கு அழகன்று. தவளைக்காக எண்ணிய தொட்டியும் நீரும் உழைப்பும் வேறொன்றுக்கு மிகப் பொருந்தும். அது வண்ண மீன் வளர்ப்பு. இதற்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. சென்னையின் வடமேற்கிலுள்ள கொளத்தூர், வண்ண மீன் உற்பத்திக்கும் மொத்த வாணிபத்துக்கும் நாடெங்கும் பெயர் பெற்ற ஊர். வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் சிமெண்டுத் தொட்டி கட்டித் தொடங்கிய குடும்பங்களே அப்பெயரை ஈட்டின. அத்தொழில் திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்களுக்கும் பரவியிருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் புறநகர் ரயில் ஓடுவதால் விற்பனைக்கு வழியும் எளிது.

முதலில் குட்டி போடும் இனங்களையே எடுத்துக்கொள்ள வேண்டும். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவை முட்டையிடாமல் நேரே குட்டி ஈனுபவை. கப்பி ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஈனும். எடுத்துக்காட்டாக, 20 தாய்மீன்கள் ஒவ்வொன்றும் மாதம் 30 குட்டி ஈன்று, அவற்றுள் பாதியே பிழைத்தாலும் மாதம் 300 மீன்கள் தேறும். இரண்டு மூன்று மாதங்களில் அவை விற்பனைக்கு உரிய வளர்ச்சி பெறும். தாய்மீன் தன் குட்டிகளையே தின்னக்கூடுமாதலால், ஈனும் மீனை வலைப்பையில் விட்டு, குட்டிகள் கண்ணிவழியே வெளியேறுமாறு அமைக்க வேண்டும். கிணற்று நீரில் சிறிது உவர் உள்ள ஊர்களில் மோலி ஏற்றது. அது உவரைத் தாங்கும்.

இவற்றில் கைபழகிய பின்னரே முட்டையிடும் இனங்களுக்குச் செல்லலாம். சண்டைமீனின் ஆண் நீர்மேல் எச்சில் நுரையால் கூடு கட்டி, முட்டைகளை வாயால் எடுத்து அதில் ஒட்டிக் காவல் காக்கும். முட்டையிட்டதும் பெண்ணை அகற்றிவிட வேண்டும். வளர்ந்த ஆண்களைத் தனித்தனிப் புட்டிகளில் வைக்க வேண்டும். தேவதை மீனுக்கு ஒரு சாய்வான கற்பலகை போதும். அதில் முட்டைகளை ஒட்டும். இரண்டு மூன்று நாட்களில் பொரியும்.

தொடங்கும் முறை

6 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள சிமெண்டுத் தொட்டியில் ஒன்றரை அடி ஆழத்துக்கு நீர் நிறுத்தினால் ஏறக்குறைய 760 லிட்டர் கொள்ளும். இத்தகைய தொட்டிகள் நான்கு தொடக்கத்துக்குப் போதும். புதுச் சிமெண்டில் காரம் கசியுமாதலால், இரண்டு மூன்று வாரங்கள் நீர் நிரப்பி, வாழைத்தண்டுத் துண்டுகளை ஊறவைத்து, பலமுறை வடித்த பின்னரே மீன் விட வேண்டும். வெயில் நேரே படாதிருக்கப் பாதிக்குத் தென்னங்கீற்றுப் பந்தல் இடலாம். பறவையும் பூனையும் அணுகாதிருக்க வலை மூடுதல் அவசியம். குழாய் நீரானால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் நீங்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

இரையில் நமக்குப் பெரிய வசதியுண்டு. குட்டிகளுக்கான நுண்ணுயிர் நீரை வீட்டிலேயே தயாரிக்கலாம். ஒரு பானை நீரில் வாழைப்பழத் தோலையோ முட்டைக்கோசு இலையையோ இட்டுத் துணியால் மூடி நிழலில் வைத்தால், முதலில் கலங்கி நாறி, நான்கைந்து நாட்களில் நீர் தெளிந்து இளமஞ்சள் நிறம் பெறும். அப்போது அதில் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும். சாணமும் கடலைப் பிண்ணாக்கும் கரைத்த தனித் தொட்டியில் மொய்னா என்னும் நீர்ப்பூச்சியை வளர்க்கலாம். இவ்விரண்டும் உழவர் வீட்டில் உள்ளவையே. சிள்வண்டு 30,000 தேட வேண்டிய கவலை இங்கே இல்லை.

வாரத்துக்கு ஒருமுறை நீரில் காற்பங்கை மாற்ற வேண்டும். உண்டு எஞ்சும் அளவு இரை போடலாகாது. மீன் பசியால் சாவதைவிட அழுகிய இரையால் சாவதே மிகுதி. புதிதாக வாங்கிய மீனை இரு வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். விற்பனைக்கு அனுப்புமுன் ஒரு நாள் இரையை நிறுத்தி, பையில் மூன்றிலொரு பங்கு நீரும் மிச்சத்துக்குப் பிராணவாயுவும் நிரப்பிக் கட்டினால் பயணத்தில் இழப்பு குறையும்.

விற்காத மீனை ஏரியிலோ ஆற்றிலோ விடுதல் தகாது. தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று வாங்கப்பட்ட சக்கர் மீன், அவ்வாறு விடப்பட்டு, இன்று தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் மீனவர் வலையைக் கிழிக்கும் தொல்லையாகிவிட்டது. தவளைக்குச் சொன்ன எச்சரிக்கை மீனுக்கும் பொருந்தும்.

சங்கம் செய்யத்தக்கவை

தனியொருவர் நான்கு தொட்டி மீனைக் கூடையில் சுமந்து மொத்த வாணிபரிடம் சென்றால், அவர் சொன்னதே விலையாகும்; மாலைக்குள் மீன் செத்துவிடும் என்ற அச்சம் விற்பவரின் பேரத்தைக் கெடுக்கும். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, ஒவ்வொருவரும் ஓரினத்தை எடுத்துக்கொண்டு, ஒரே நாளில் ஒரே வண்டியில் அனுப்பினால் பேரம் சமமாகும். பிராணவாயு உருளை, நீர்ப் பரிசோதனைக் கருவி, நல்ல தாய்மீன் ஆகியவற்றைப் பொதுவில் வாங்கலாம். நூலைச் சங்கத்தின் வழியாக வாங்கிச் சேலையைச் சங்கத்தின் வழியாக விற்கும் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பகுதி நெசவாளர்க்கு இம்முறை புதிதன்று.

பயிற்சி பெறப் பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அது தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. உதவித்தொகையைப் பொறுத்தவரை, 2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், புறக்கடை வண்ண மீன் அலகு ஒன்றுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பீடு வகுக்கப்பட்டு, பொதுப் பிரிவினர்க்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கும் 60 விழுக்காடும் மானியம் என ஏற்பாடு செய்யப்பட்டது. விண்ணப்பிக்கும் ஆண்டில் எத்திட்டம் நடைமுறையில் உள்ளது என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே தொட்டி கட்டத் தொடங்க வேண்டும். மானியத்தை நம்பிக் கடன் வாங்குதல் கூடாது. மானியம் வராவிடினும் தாங்கும் அளவிலேயே முதலை இடுக.

கணக்குப் புத்தகம் முதல் நாளிலிருந்தே வேண்டும். தொட்டிச் செலவு, இரை, மின்சாரம், செத்த மீனின் எண்ணிக்கை, பயணச் செலவு ஆகியவற்றோடு வீட்டுப் பெண்கள் உழைத்த மணியையும் எழுதுக. தம் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் இலாபம் என்று மகிழ்வது நம்மவரின் பழைய குறை. ஆறு மாதம் கழித்து அக்கணக்கைச் சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டினால், அடுத்துத் தொடங்குபவருக்கு அதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

தவளை வளர்ப்பைப் பற்றிக் கேட்ட அன்பர்களுக்கு நாம் நன்றி கூறுகிறோம். கேளாமல் முன்பணம் கட்டியவர்களின் துயரத்தை நாடு ஒருமுறை கண்டுவிட்டது. புதிய தொழில் எதுவாயினும், முதலைப் போடுமுன் இயல்பு, உணவு, சட்டம், சந்தை என்னும் நான்கையும் சங்கத்தின் மேசைமேல் வைத்து ஆராய்வோமாக. ஐப்பசி மழை இறங்கும் இரவில் வயல்வரப்பிலிருந்து எழும் தவளைக் குரல் சம்பாப் பயிருக்குக் காவல் நிற்பதாகவே இருக்கட்டும். வீட்டுப் புறக்கடைத் தொட்டியில் கப்பியும் மோலியும் பெருகட்டும்.